வந்து சேராத எச்சரிக்கை

மனிதர் இருக்கும் இடத்தைக் காட்டுவது முகவரி என்பர். அவரைத் தேடி வரும் சொல்லுக்கு வழிகாட்டுவதும் அதுவே. நலம் கேட்கும் மடலும் மணவிழா அழைப்பும் அரசின் ஆணையும் ஒரே வாயிலில்தான் வந்து நிற்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் எமக்கு முகவரி மாற்றம் புதியதன்று. 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, வீடு மாறாமலே பல குடும்பங்களின் முகவரி மாறியது. பிழைப்பைத் தேடி வீடே மாறுவோரும் இங்கு மிகப் பலர். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைப் பல மாநிலங்களுக்கும் அனுப்பும் திருச்செங்கோடும் சக்கரத்தை நம்பி வாழும் ஊர்கள். ஆனால் சக்கரம் ஓடும் வேகத்துக்கு ஆர்.சி. புத்தகத்திலுள்ள முகவரி ஓடுவதில்லை.

எம் மைத்துனர் ஒரே ஒரு லாரிக்கு உரிமையாளர். சேலம் கோட்டைப் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் நாமக்கல்லில் குடியேறினார். லாரியின் பதிவில் மட்டும் பழைய வீடே நின்றது. தகுதிச் சான்றைப் புதுப்பிக்க, லாரிக்காரர் வழக்கில் சொன்னால் எஃப்.சி. எடுக்க, முனைந்தபோது மூன்று அபராதங்கள் நிலுவையில் இருப்பது தெரியவந்தது. மூன்றும் அதிவேகத்துக்கானவை. நெடுஞ்சாலையோரச் சிற்றூர் ஒன்றை அடுத்த அதே இடத்தில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவானவை.

மைத்துனரின் சினம் ஓட்டுநர்மீது பாய்ந்தது. மூன்றையும் சம்பளத்தில் பிடித்துவிடுவதாகச் சொன்னார். ஓட்டுநரோ பத்தாண்டுகளாக அவ்வண்டியை ஓட்டி வருபவர். அந்தத் தொகை அவர் வீட்டில் ஒரு மாத மளிகைச் செலவு. "கேட்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் மச்சான், கடிதங்கள் எங்கே போயின என்று முதலில் பார்ப்போம்" என்று கூறி அவரையும் அழைத்துக்கொண்டு சேலம் சென்றோம்.

பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர் ஒரு மூதாட்டி. மூன்று உறைகளும் சுவரில் தொங்கிய கம்பியில் மற்றக் காகிதங்களோடு குத்தப்பட்டுக் கிடந்தன. "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. என்னைக்காவது வந்து கேப்பாங்கன்னு எடுத்து வெச்சேன்" என்றார். பிறர் பெயருக்கு வந்ததைப் பிரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. அந்த நேர்மைக்கு நன்றி கூறி வாங்கிக்கொண்டோம்.

இங்கே சட்டத்தைச் சற்று நோக்குதல் தகும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, உரிமையாளர் முகவரி மாறினால் 30 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதற்குரியது படிவம் 33. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதிவேகத்துக்கான அபராதத்தை உயர்த்தியது. கருவிகளைக் கொண்டு சாலையைக் கண்காணிக்கவும் வழிசெய்தது. 2021இல் வந்த விதி, அக்கருவிகள் பதியும் குற்றத்துக்கான அறிவிப்பைக் குற்றம் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது. வண்டி எண் தெரியும் படமும், அளந்த வேகமும், நாளும் நேரமும் இடமும் அதில் இருத்தல் வேண்டும். எம் கையிலிருந்த உறைகளில் இவையனைத்தும் இருந்தன. அரசு தன் கடமையைச் செய்திருந்தது. எச்சரிக்கைதான் உரியவரைச் சேரவில்லை.

உறைகளை ஓட்டுநரிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "படம் பொய் சொல்லாது சார். மெயின் ரோட்டு வேகத்துலயே அந்த ஊரையும் தாண்டியிருக்கேன். ஆனா மொதக் கடுதாசி வந்தன்னைக்கே பாய் என் கையில குடுத்திருந்தா, அடுத்த நடையில அந்த எடத்துல என் கால் பிரேக்குக்குப் போயிருக்காதா?" என்று கேட்டார்.

அக்கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. அபராதம் என்பது செய்த தவற்றுக்கு விலை. இனிச் செய்யாதே என்னும் எச்சரிக்கையும் ஆகும். விலையை ஓராண்டு கழித்தும் வசூலிக்கலாம். எச்சரிக்கைக்கோ காலம் உண்டு. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் பாடம். அந்த ஆற்றலைச் சுமந்துகொண்டு அவ்வண்டி அச்சிற்றூரை மாதக்கணக்கில் கடந்திருக்கிறது. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் அதே சாலையைத்தான் கடந்திருப்பர். தீங்கு நேராதது எவருடைய திறமையாலும் அன்று. கம்பியில் தொங்கியவை வெறும் பணக் கணக்குகள் அல்ல. ஓர் உயிரைக் காக்கும் பொருட்டு எழுதப்பட்ட மூன்று சொற்கள்.

இறுதியில் மைத்துனரிடம் எம் கருத்தைச் சொன்னோம். முதல் அபராதம் வேகமாக ஓட்டியவருக்குரியது. மற்ற இரண்டும் எச்சரிக்கை வந்து சேரும் வழியை அடைத்து வைத்தவருக்குரியவை. சிறிது நேரம் பேசாதிருந்த மைத்துனர், "நியாயந்தான்" என்றார். ஓட்டுநரும் தம் பங்கை மறுக்கவில்லை. மூன்று தொகைகளும் செலுத்தப்பட்டன, எஃப்.சி.யும் கிடைத்தது. அதே வாரத்தில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, பதிவிலிருந்த பழைய கைபேசி எண்ணையும் மைத்துனர் மாற்றினார். இப்போது ஒவ்வொரு மாதமும் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, நிலுவை உண்டா என்று பார்க்கிறார்.

மாணவச் செல்வங்களே! படிப்பு முடிந்ததும் நீங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்வீர்கள். பாத்திரம் பண்டங்களை ஏற்றும்போதே முகவரியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டியை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, அவரைப் பற்றி வரும் செய்தி அவரைச் சென்றடையவும் வழி செய்யுங்கள். திருந்துவதற்கு வாய்ப்பளித்த பின்னரே ஒருவரைத் தண்டிப்பது முறையாகும்.