நாலாயிரம் புள்ளிகள்

பின்போல் என்னும் விளையாட்டு இயந்திரத்தை நம்மவருட் பலர் திரைப்படங்களிலேனும் கண்டிருப்பர். சரிந்த பலகை, அதன்மீது உருண்டோடும் எஃகுக் குண்டு, நிமிர்ந்து நின்று எண்ணிக்கை காட்டும் முகப்பு. குண்டைச் சுருள்வில்லாற் செலுத்தும் முறைக்கு 1871இல் மொண்டேகு ரெட்கிரேவ் என்பார் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். குண்டைத் தட்டித் திருப்பும் துடுப்புகள் 1947இல் வந்தன. இது சூதாட்டமென்று கருதிய நியூயோர்க் நகரத்தார் 1942 முதல் 1976 வரை இதனைத் தடைசெய்திருந்தனர். பிள்ளைகளைக் கண்டிக்க விரும்பும் பெற்றோருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது!

1991இல் இவ்வியந்திரங்களின் முகப்பிலே புள்ளித்திரை புகுந்தது. நெடுக்கு 128, குறுக்கு 32. ஆக 4096 செம்மஞ்சட் புள்ளிகள். வாயுவை ஒளிரச் செய்யும் அத்திரைக்கு நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். நாளாக ஆக ஒளி மங்கிவிடும். ஆகவே, பழைய இயந்திரங்களை வைத்திருக்கும் ஆர்வலர்கள் ஒளிகாலும் இருவாயிகள் பதித்த பலகைகளை வாங்கித் தம் கையாலேயே மாற்றுத்திரை செய்யத் தலைப்பட்டனர். இயந்திரம் ஒவ்வொன்றாக அனுப்பும் புள்ளிச் செய்திகளை ஒரு சிறு கணினி ஏந்தி, புதிய பலகையிலே தீட்டிவிடுகிறது.

தெல்தெனியவில் அத்தகைய இயந்திரம் ஏது? எம் மாணவர் பலகையில் ஆணியடித்துத் தாமே ஒன்றைச் செய்தனர். மிதிவண்டிச் சக்கரத்து எஃகுக் குண்டு அடுத்தடுத்த இரண்டு ஆணிகளைத் தொட்டால் மின்சுற்று மூடும்; எண்ணிக்கை ஏறும். முதலில் ஒருமுறை தொட்டதற்கு ஐந்து, ஆறு என ஏறிற்று. குண்டு ஆணியிலே பட்டுப் பட்டுத் துள்ளுவதே காரணம். ஒருமுறை எண்ணியபின் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் காத்திருக்கும்படி கணினிக்குக் கட்டளையிட்டதும் கணக்கு நேர்பட்டது.

திரைதான் பெரும்பாடு. கண்டியிலே மருந்துக்கடையொன்றிலிருந்து கழற்றிப்போட்ட அறிவிப்புப் பலகையிலிருந்து 64க்கு 32 அளவான இரண்டு துண்டுகள் கிடைத்தன. திரை முழுவதையும் வெண்மையாக்கிச் சோதித்தபோது வெண்மை சிவந்து போயிற்று. மின்னோட்டம் போதாமல் அழுத்தம் தாழும்போது, கூடிய அழுத்தம் வேண்டிய நீலமும் பச்சையும் முதலிலே சோர்கின்றன. சிவப்பு மாத்திரம் தாக்குப்பிடிக்கிறது. கைத்தொலைபேசியிற் படமெடுத்தால் கரும்பட்டைகள் தோன்றின. அது குறையன்று. ஒரு வேளைக்கு இரண்டு வரிகளே எரிகின்றன. விரைவினால் நம் கண்தான் முழுப்படமென்று ஏமாறுகிறது.

இது நடந்தது 2022இல். மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. எங்கள் பழைய தெல்தெனிய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கிற்று. வரட்சியில் நீர் வற்றினால் அதன் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டும். 210 மெகாவாற்று மின்னிலையத்துக்காக ஊரைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், முச்சக்கரவண்டி மின்கலத்தை இரவல் வாங்கித் தம் திரையை எரித்துப் பார்த்தார்கள். இதை நான் வகுப்பிலே சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களுள் தரம் பத்திலே பயின்ற ஒருவன் கணிதத்திலே பின்தங்கியவன். திரைக்குரிய எழுத்துருவில் ஆங்கிலம் மாத்திரமே இருந்தது. அகலம் ஐந்து, உயரம் ஏழு புள்ளிகளில் ஆங்கில எழுத்து அடங்கிவிடும். நம் 'ணு'வும் 'ழூ'வும் அதற்குள் அடங்குமா? அவன் கட்டத்தாளை எடுத்துக்கொண்டு தமிழைப் புள்ளி புள்ளியாய் வரையலானான். 247 எழுத்துக்கும் 247 படம் வேண்டியதில்லை, கொம்பையும் காலையும் தனியே வைத்தால் 'கொ' தானே அமையும், ஆனால் உகர ஊகார வரிசைகள் மெய்தோறும் வேறுபடுவதால் அவற்றைத் தனித்தனியே வரைந்தேயாக வேண்டும் என்று அவனே கண்டு சொன்னான். ஏறத்தாழ 75 வடிவங்களில் மொழியை அடக்கிவிட்டான். கணிதத்திலே பின்தங்கியவனென்று அவனுக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும்.

அவன் தந்தையார் பஸ் நடத்துநர். டீசல் இல்லாமையால் பஸ் ஓடாது வீட்டிலிருந்த நாட்கள் அவை. "சேர், அரிசி வாங்கக் காசில்லை. இவன் விளக்கு எரிச்சு விளையாடுறான். நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று என்னிடம் வந்தார். நான் பதில் சொல்லாமல் அவரை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்றேன். பையன் குண்டைத் தட்டினான். எண்ணிக்கை ஏறிற்று. பின்பு, அவனே எழுதி வைத்திருந்தபடி, 'ரங்கலை' என்ற ஊர்ப்பெயர் செம்மஞ்சள் நிறத்திலே வலமிருந்து இடமாக ஊர்ந்து சென்றது.

அவர் அதனை இரண்டு முறை பார்த்தார். பின்பு, "பஸ் நெத்தியில வைக்கிறதுன்னா மூணு பாஷையிலயும் வரணுமே தம்பி, சிங்களம் வருமா?" என்று கேட்டார்.

"இன்னும் வரைய இல்லை அப்பா" என்றவன் என் பக்கம் திரும்பினான். "சேர், இன்னும் கொஞ்சம் கட்டத்தாள் இருக்கா?"