பொத்தானை அழுத்துமுன் இரண்டு விநாடி

ஹாம் வானொலிக்குப் புதிதாக வருபவர்கள் ஆன்டெனாவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எவ்வளவு உயரம், எத்தனை வாட், எந்தக் கேபிள் என்று. அவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது வேறு ஒன்று. எதிரில் பேசுபவர் ‘ஓவர்’ சொன்னதும் பேசுவதற்கான பி.டி.டி. பொத்தானை உடனே அழுத்தாதீர்கள், இரண்டு விநாடி விடுங்கள்.

இது வெறும் மரியாதைக்காக அல்ல. நம் கருவி பேசும்போது கேட்காது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை யார் எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் நமக்கு விழாது. இருவர் மூச்சு விடாமல் மாறி மாறிப் பேசினால், அவசரமாக ‘பிரேக்’ சொல்ல வருபவருக்கு நுழைய வழியே இல்லை. சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் வி.எச்.எஃப். ரிப்பீட்டரில் இது இன்னும் மோசம். எஃப்.எம். ஏற்பி வலுவான சிக்னலைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை அமுக்கிவிடும். மொட்டைமாடியில் பெரிய ஆன்டெனா வைத்திருப்பவர், வாக்கி டாக்கியோடு வெள்ளத்தில் நிற்பவரின் குரலை முழுக்க மறைத்துவிடலாம். மறைத்தது அவருக்கே தெரியாது. எஸ்.எஸ்.பி. என்ற இன்னொரு பேச்சு முறையிலாவது இரண்டு குரலும் கலந்து கேட்கும், யாராவது சொல்லிவிடுவார்கள்.

அமெரிக்காவில் பொதுமக்களுக்கான சிட்டிசன்ஸ் பேண்டில் இப்படி இடைவெளி விடுவதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். தொடர்ந்து 5 நிமிடத்துக்கு மேல் பேச்சை வளர்க்கக் கூடாது. பேசி முடித்தபின் ஒரு நிமிடமாவது சும்மா இருக்க வேண்டும். 40 சேனல்களில் 9ஆவது ஆபத்து உதவிக்கு.

வழிவிடுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரைச் சொல்வேன். பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் குரலே கேட்காததால், உலகின் பல மூலைகளிலிருந்தும் அவர்களைப் பிடிக்க முண்டியடித்தார்கள். 26ஆம் தேதி சுனாமி. மற்ற தொடர்புகள் அறுந்துபோன நிலையில் அதே கருவிகள் வழியாகத்தான் தீவில் இருந்தவர்களைப் பற்றிய தகவல்கள் வெளியே வந்தன. கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டால்தான் இப்படி ஒரு வேலை நடக்கும்.

அடுத்தது, காலியாகத் தோன்றும் அலைவரிசையைக் காலி என்று நம்பாமல் இருப்பது. 40 மீட்டரில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பகலில் சென்னையும் மதுரையும் தெளிவாகப் பேசிக்கொள்ளலாம். இருட்டியபின், அலையைத் திருப்பி அனுப்பும் அயனிமண்டலம் மெலிந்துவிட்டால், ஏறக்குறைய செங்குத்தாக ஏறும் அலை திரும்பி வராது. அப்போது பக்கத்து ஊர்கள் மறைந்து டில்லி வந்து நிற்கும். மதுரைக்காரரும் டில்லிக்காரரும் பேசிக்கொண்டிருந்தால் சென்னையில் இருக்கும் எனக்குப் பாதிப் பேச்சுதான் கேட்கும். டில்லி நிறுத்தியதும் வரும் மௌனம் உண்மையில் மதுரைக்காரர் பேசும் நேரம். அந்த நேரத்தில் நான் சி.க்யூ. என்ற பொது அழைப்பைக் கொடுத்தால் அவர் பேச்சின் மேல் ஏறி நிற்பேன். ஆகவே சற்று நேரம் கேட்டுவிட்டு, அழைப்புக் குறியீட்டைச் சொல்லி, ‘இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு முறையும் கேட்க வேண்டும். மோர்ஸில் க்யூ.ஆர்.எல்.லும் ஒரு கேள்விக்குறியும் போதும். டிரான்ஸ்மிட்டரைச் சரிபார்ப்பதை ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் செய்யுங்கள், அடுத்தவர் காதில் வேண்டாம்.

இன்னொன்று, தவறியவரை அதட்டாமல் இருப்பது. அரிதாகக் கேட்கும் நிலையம் ஒன்று ‘5 மேலே’ என்றால், தன் அலைவரிசைக்கு 5 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் ஒருவர் அந்த நிலையத்தின் அலைவரிசையிலேயே கூப்பிட்டுவிட்டால், ‘மேலே போ, மேலே போ’ என்று பத்துப் பேர் அதட்டக் கிளம்புகிறார்கள். தவறியவர் ஒரு முறைதான் தொந்தரவு செய்தார். அதட்டுபவர்கள்தான் அந்த நிலையத்தை யாருக்கும் கேட்கவிடாமல் செய்கிறார்கள். வேண்டுமென்றே விசிலடித்துக் கெடுப்பவனுக்கும் பதில் தரக் கூடாது. அவனுக்கு வேண்டியதே அந்தப் பதில்தான்.

காலையில் நெட்டை, அதாவது வானொலிக் கூட்டத்தை, நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இது. வருகைப் பட்டியலைத் தொடங்குமுன் 5 வாட்டும் அதற்குக் கீழும் உள்ள நிலையங்களை மட்டும் கூப்பிடுங்கள். தானே சால்டர் செய்த கருவியோடு ஒரு மாணவன் இரைச்சலுக்கு அடியில் காத்திருப்பான். அவன் குறியீட்டில் ஓர் எழுத்துதான் பிடிபட்டது என்றால், அந்த எழுத்தைச் சொல்லி அவனையே மறுபடி அழையுங்கள். 100 வாட்காரர்கள் நாங்கள் அதுவரை காத்திருக்கிறோம்.