கரையிலிருந்து பார்த்த கப்பல்

திரைப்படம் ஒன்றைப் பற்றி இத்தகைய இதழில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். மதரஸாவில் ஓதி, பின்னர் ஓதிக் கொடுக்கவும் அமர்ந்த ஒருவர் எழுதலாமா என்று வேறு சிலர் வினவக் கூடும். இரு சாராருக்கும் நம் விடை ஒன்றே. நாம் எழுத முற்பட்டது படத்தைப் பற்றியன்று. வீட்டுக்குள் அமர்ந்து அதைப் பார்த்தவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களைப் பற்றி.

படம் ‘ஆயிரத்தில் ஒருவன்’. பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1965 ஜூலைத் திங்களில் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். மருத்துவன் மணிமாறனாக நடித்தார். அவரும் ஜெயலலிதாவும் இணைந்த முதற்படமும் அதுவே. காயமுற்ற கிளர்ச்சிக்காரர்களுக்கு மருந்திட்ட குற்றத்துக்காக மருத்துவனும் அவர்களோடு சேர்ந்து தீவொன்றில் அடிமையாக விற்கப்படுகிறான். பின்னர் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அவர்கள் கப்பலிலேயே வாளேந்த நேர்கிறது. கதையின் வேர் வெளிநாட்டில் இருக்கிறது. ரஃபேல் சபாட்டினி 1922இல் எழுதிய ‘கேப்டன் பிளட்’ நாவல், 1935இல் ஹாலிவுட்டில் எரால் ஃபிளின் நடிக்கப் படமாயிற்று. அதிலும் மருத்துவன் ஒருவனே 1685ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கிளர்ச்சியின் பின் அடிமையாக விற்கப்படுகிறான். அந்தக் கலகத்தில் பிடிபட்டவர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றி அனுப்பியது கற்பனையன்று, வரலாறு.

வெண்ணாற்றங்கரையில் உள்ள நம் ஊரில் பெண்கள் கொட்டகைக்குப் போகும் வழக்கம் அந்நாளில் இல்லை. 1965இல் படம் பார்த்து வந்த ஆண்கள் திண்ணையில் கதை சொல்ல, உள்ளே இருந்தவர்கள் கதவிடுக்கில் கேட்டதோடு சரி. இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தக் கப்பல் அவர்கள் கண்ணுக்கு வந்தது. அதைக் கொண்டு வந்தது சிங்கப்பூர்ச் சபராளி ஒருவரின் பெட்டியில் இருந்த வீடியோ டெக்.

1986ஆம் ஆண்டு என்று நினைவு. நமக்கு வயது பதினாறு. ஓர் உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்த மறுநாள் இரவு, முற்றத்தில் பெஞ்சு போட்டு அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்தார்கள். ஆண்கள் ஒருபுறம். தாழ்வாரத்தில் கயிறு கட்டி வெள்ளைத் துப்பட்டியைத் திரையாகத் தொங்கவிட்டு, அதன் பின்னே பெண்கள். துப்பட்டியின் ஓரம் விலகி விலகி, பாதிப் படத்துக்குள் அது சுருண்டு ஒருபக்கம் ஒதுங்கிவிட்டது. அதை யாரும் இழுத்துச் சரி செய்யவில்லை, பெரியவர்கள் உட்பட. படத்தில் கண்ணாக இருந்ததால் பார்க்கவில்லையா, பார்த்தும் பாராதது போல் இருந்தார்களா என்பதை இன்றளவும் நாம் அறியோம்.

அவ்வீட்டு நிலத்தில் மூன்று தலைமுறையாக உழைத்து வந்த முதியவர் ஒருவர் ரேழியில் நின்றபடியே பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தீவில் அடிமைகளைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கும் காட்சி வந்தபோது இளைஞர்கள் ‘உச்சு’க் கொட்டினார்கள். முதியவர் மெல்லச் சொன்னார்: “எடந்தான் வேற எடமா இருக்கு. வேலை நம்ம ஊரு வேலைதான்.”

சிலர் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்கு முந்திய நாட்களில் சவுக்கடியும் சாணிப்பாலும் இந்த மண்ணில் என்ன பாடுபடுத்தின என்பதை அந்த முதியவரின் முதுகு அறியும். அந்தச் சட்டம் வந்து பதினாறு ஆண்டுகள் கழித்துத்தான் கீழவெண்மணியில் குடிசைக்குத் தீ வைத்தார்கள். படத்தைப் பற்றி நாம் கேட்ட கருத்துகளில் மிகச் சிறியது அவருடையது. அதற்குப் பின் நாம் படித்த திறனாய்வு எதுவும் அந்த அளவுக்கு நம்மைத் தொந்தரவு செய்ததில்லை.

பின்னாளில் நூல்களைப் புரட்டியபோது இன்னொன்றும் விளங்கியது. அடிமைகளை ஏற்றிய கப்பலுக்காக நாம் சினிமாத் தீவுக்குப் போக வேண்டியதே இல்லை. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சை நாடு படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது, வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட மக்களை ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். நெல் விளையும் சீமையில் நெல் விதைத்தவனே சரக்கானான். அவர்களை மீட்க மணிமாறன் எவனும் வரவில்லை.

நம் கதைக்கு வருவோம். இரவு முழுதும் விழித்துவிட்டு மறுநாள் மதரஸாவில் கிதாபின் மேலேயே தூங்கி விழுந்தோம். உடன் ஓதியவன் ஒருவன் காரணத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டான். பிரம்படி நிச்சயம் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றோம். உஸ்தாது பிரம்பைத் தொடவில்லை.

“கப்பல் பார்த்தீரோ?”

“ஆமாம் உஸ்தாது.”

“கப்பலைத் திருப்புகிறார்களே, அதற்கு என்ன பெயர்?”

“சுக்கான்.”

“எந்த மொழிச் சொல்?”

“தமிழ்தான்.”

உஸ்தாது சிரித்தார். சுக்கான் என்பது அரபிச் சொல், அப்படியே வந்திருக்கிறது என்றார். நங்கூரம் பாரசீக ‘லங்கர்’. சாரங்கு பாரசீக ‘சர்ஹங்க்’. “மாலுமி யார், தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, நம் மௌனத்தைச் சற்று நேரம் நீடிக்க விட்டார். பிறகு தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முஅல்லிம்! கற்பிப்பவன். அரபிக்கடலில் மரக்கலம் செலுத்திய வழிகாட்டிகளை முஅல்லிம் என்றே அழைத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் கடல்வழி நூல் இயற்றிய அஹ்மத் இப்னு மாஜித் அவ்வாறு பெயர் பெற்றவர். மீகாமன் என்ற அருமையான பழந்தமிழ்ச் சொல் நம்மிடம் இருந்தும், துறைமுகத்தில் ஒலித்த சொல்லே நாவில் நிலைத்துவிட்டது. “நானும் மாலுமிதான். என்ன, உம்மைப் போன்றவர்களை வைத்துக்கொண்டு தரையில் ஓட்டுகிறேன்” என்றார்.

அன்றைய பாடத்தை விட்டுவிட்டு அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் படகைப் பற்றிப் பேசினார். கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகு அது. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்ததால், அதில் பழுது உண்டாக்கப்படுகிறது. “உம் படத்திலும் கொள்ளைக்காரன் கப்பலில் மட்டும் இல்லை, அரண்மனையிலும் இருக்கிறான். அதைக் கவனித்தீரா, வாள் வீச்சை மட்டும் பார்த்தீரா?” என்றார். அவர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாரோ என்ற ஐயம் அன்றே நமக்கு எழுந்தது. கேட்கும் துணிவு எழவில்லை. அவர் மறைந்துவிட்டார், அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக.

அடுத்த முறை அதே படத்தைப் பார்த்தது குறுந்தகட்டில், 2003 வாக்கில். அப்போது நம் வீட்டுக்கு விருந்தாக வந்திருந்தார் நாகூர்ப் பெரியவர் ஒருவர். இளமையில் பாய்மரத் தோணியில் வேலை பார்த்தவர். ஷாஹுல் ஹமீது நாயகம் கண்ணாடியை எறிந்து ஓட்டை விழுந்த கப்பலைக் காத்த கதையை, தாம் அக்கப்பலில் இருந்தது போலவே சொல்லக் கூடியவர். தர்கா மினாராக்களில் உயர்ந்ததைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் கட்டியதையும், தோணியிலிருந்து கரையைத் தேடும் கண்ணுக்கு அது முதலில் தென்படுவதையும் அவர் சொல்லக் கேட்க வேண்டும். படத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

“எல்லாரும் கத்தி வீசுறாங்க. தண்ணி எறைக்கிறது யாரு? பாயைத் தைக்கிறது யாரு? சோறு வடிக்கிறது யாரு? தோணியிலே இந்த மூணு வேலைதானே தம்பி ராப்பகலா நடக்கும்!”

படத்துக்காகப் பரிந்து பேசினோம். கதைதானே என்றோம். “கதைன்னாலும் வயிறு இருக்கணும்ல” என்றார். அந்தக் குறையோடு சேர்த்துக் கடைசிவரை பார்த்தும் முடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் ஒருமுறை இஷாத் தொழுகைக்கு எழுந்தபோது, தாம் வரும்வரை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

நாகையில் வாழ்க்கைப்பட்ட நம் மைத்துனி அன்று அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்துப் பார்த்தவர். 2004 டிசம்பர் 26க்குப் பின், திரையில் அலை எழுந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறார். அவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

2014இல் டிஜிட்டல் முறையில் புதுக்கி அப்படத்தை மீண்டும் திரையிட்டபோது சென்னையில் வெள்ளிவிழாக் கொண்டாடும் அளவுக்கு ஓடியது. ஆயினும் நம் தங்கை வீட்டில் அந்தப் பழைய குறுந்தகடும், அதை ஓட்டும் கருவியும் இன்னும் இருக்கின்றன. கருவியின் மூடி தானே திறவாது. கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும். சென்ற ஆண்டு விடுமுறையில் கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் அதைத் தூசு தட்டி எடுத்தான். 2003இல் வந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ முதலான படங்களைக் கைபேசியில் கரைத்துக் குடித்தவன் அவன். “மாமா, இதுல ஒரு சண்டைக்கு நடுவுல மூணு பாட்டு வருது” என்று குறைப்பட்டான். ஆனால் விற்கப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒருவனைத் தலைவனாக ஏற்கும் இடத்தில் கைபேசியைக் கீழே வைத்துவிட்டான். நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

நம் அம்மா தங்கையோடுதான் இருக்கிறார்கள். வயது எண்பத்தேழு. 1986இல் துப்பட்டிக்குப் பின்னே இருந்தவர்களில் அவர்களும் ஒருவர். அன்று என்ன நினைத்தார்கள் என்று இந்த நாற்பது ஆண்டில் நாம் ஒருமுறையும் கேட்டதில்லை. முதியவர், உஸ்தாது, தோணிக்காரர் எனப் பலர் கருத்தையும் சேர்த்து வைத்த நமக்கு, பெற்றவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

படம் முடிந்தது. தீயவர்கள் வீழ்ந்தார்கள், மற்றவர்கள் சேர்ந்தார்கள். பேரன்தான் கேட்டான்: “எப்படி நன்னி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். சற்றுப் பொறுத்து, “இத்தனை ஆம்பளைங்க போனாங்களே, ஒருத்தர்கூட வீட்டுக்குக் கடிதாசி போடலையே” என்றார்கள்.

அவன் சிரித்துவிட்டான். அடிமை எப்படி நன்னி கடிதம் போடுவான் என்றான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் தந்தை 1940இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர். சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ரஜூலா’ கப்பலை அறியாத வீடு எங்கள் ஊரில் இராது. 1926 முதல் 1973 வரை எத்தனை சபராளிகளை அது ஏற்றியது, எத்தனை பேரை இறக்கியது என்ற இரு கணக்குகளும் ஒன்றாக இரா. அதன் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பற்றியதோடு அந்தக் கடற்பயணமே முடிந்தது. மறு ஆண்டில்தான் நாங்கள் முற்றத்தில் அமர்ந்து கப்பலைப் படத்தில் பார்த்தோம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்தார்கள். கடிதம் நின்றது. பணமும் நின்றது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே வீட்டில் ஆண்டுகள் கழிந்தன. இவ்வளவும் ஊரறிந்த செய்தி. வீட்டுக்குள் அம்மா இதைப் பேசி நாம் கேட்டதில்லை.

“போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு எங்கம்மா வாசல்ல நிக்க மாட்டாங்க. கதவுக்குப் பின்னாடி நிப்பாங்க. அவர் நிக்காம போயிட்டா யாருக்கும் தெரியக் கூடாதுல்ல” என்றார்கள் அம்மா.

தங்கை அடுக்களையிலிருந்து வந்து நின்றுகொண்டாள்.

“சண்டை முடிஞ்ச மறு வருஷம் ஒரு நாள் மாட்டு வண்டி வந்து நின்னுச்சு. தகரப் பெட்டியோட ஒருத்தர் இறங்கினாரு. எனக்கு எட்டு வயசு. அவர் போனப்ப ரெண்டு. ‘அம்மா, யாரோ வந்திருக்காங்க’ன்னு கத்திக்கிட்டு உள்ளே ஓடினேன். அத்தான்னு கூப்பிட எனக்கு ஆறு மாசமாச்சு, தம்பி.”