ராஜாவுக்குச் சொன்ன சொல்

‘கேஸை மூடினியா, செக் பண்ணு.’ ‘சுகர் செக்-அப் போயி ஆறு மாசமாச்சு.’ ‘அந்த ஆள் கொடுத்த செக் திரும்பிடுச்சு.’ செக்போஸ்டில் லாரி நிற்கிறது, கொடியில் செக்டு சட்டை காய்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாததுபோலத் தெரியும் இவை எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். செக் குடியரசு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்த்தியில்லை. தமிழ் எழுத்தில் ஒரே மாதிரி அமைந்துபோனது, அவ்வளவே.

மூலச் சொல் பாரசீகத்தின் ‘ஷா’, அதாவது அரசன். இங்கிருந்து போன சதுரங்கம் அங்கே சத்ரங் ஆனது, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. ராஜாவைக் குறிவைத்துக் காய் நகர்த்தியவர் ‘ஷா!’ என்று எச்சரிப்பது வழக்கம். அந்தக் குரல் லத்தீனில் உருமாறி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘செக்’ ஆயிற்று. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவம்தான் ‘செஸ்’. செக்மேட்டுக்கு மூலமான ‘ஷா மாத்’ என்பதற்கு ‘ராஜா செத்தான்’ என்று பொருள் சொல்வார்கள். வழி தெரியாமல் ராஜா திகைத்து நிற்கிறான் என்பதுதான் பாரசீகப் பொருள் என்பவர்களும் உண்டு. என் ஓட்டு இவர்களுக்கே. ஆட்டம் முடியும்போதும் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே.

பலகையிலிருந்து இந்தச் சொல் அரசாங்கக் கஜானாவுக்குள் நுழைந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்டங்களின் வரவுகளை வசூலித்த ஷெரீஃப்கள் ஈஸ்டருக்கு ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல்மஸுக்கு ஒரு தடவை என்று வந்து மன்னருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் மேஜை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காசு உருண்டு கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று துணியில் வில்லைகளை அடுக்குவார்கள். கட்ட வேண்டியது ஒரு வரிசை, கட்டியது இன்னொரு வரிசை. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபுக்கும் தன் பாக்கி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதையெல்லாம் உரையாடல் வடிவில் லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். பெயர்க் காரணத்தையும் அவரே சொல்கிறார்: மேஜை சதுரங்கப் பலகை போல இருக்கிறது, அதோடு, இங்கேயும் இரண்டு பேர் மோதுகிறார்கள், ஒரு பக்கம் பொருளாளர், மறுபக்கம் ஷெரீஃப். பிரிட்டிஷ் நிதியமைச்சரை இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்களே, அந்த எக்ஸ்செக்கர் இந்தப் பலகைதான்.

ராஜாவைத் தடுப்பது என்ற பொருள் மெல்ல எதையும் தடுப்பது என்றாயிற்று. தடுத்து நிறுத்தினால் அடுத்தது சோதிப்பதுதானே? கட்டம் போட்ட துணிக்கும் பலகைதான் பெயர் கொடுத்தது. நம் ஊர் பெயரைத் தாங்கிப் போன மெட்ராஸ் செக்ஸ் கைத்தறி, 1960-களில் அமெரிக்காவில் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்கப்பட்டது. இங்கே எந்த ஜவுளிக்கடையிலாவது அந்தப் பேச்சு எடுபடுமா?

பேங்க் செக் கொஞ்சம் சுற்றுவழியில் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் கையில் நிற்கும் அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பெயர். கள்ளச் சீட்டு வந்தால் ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க அது காவல். பிறகு பெயர் கிழித்த தாளுக்கே போய்விட்டது. ஆங்கிலேயர்கள் எக்ஸ்செக்கரை நினைத்தோ என்னவோ எழுத்துக் கூட்டலையும் மாற்றிக்கொண்டார்கள்; அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். அவர்கள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ‘செக்’ கேட்டால் வருவது பில்.

முதலில் இது ராஜா ஒருவருக்கு மட்டும் விடுத்த எச்சரிக்கை. இப்போது டிரைவர், நோயாளி, விமானம் ஏறுபவர் என்று யாரையும் விடுவதில்லை. பிறந்த இடத்திலோ சத்தம் அடங்கிவிட்டது: உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ‘செக்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமே கிடையாது. பெரிய போட்டிகளில் காயை வைத்துவிட்டு கடிகாரத்தைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். வீட்டுத் திண்ணையில் ஆடும் பையன்கள்தான் இன்னும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார்கள். அவர்களை விட்டால் நம் பத்திரிகைகள். கூட்டணிப் பேச்சு தொடங்கினால் போதும், ‘தலைமைக்கு செக் வைத்த மாவட்டம்’ என்று போஸ்டர் அடித்துவிடுவார்கள். எத்தனையோ அர்த்தங்களில் இந்தச் சொல்லைப் புழங்குகிறோம். பழைய பாரசீகப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்பது இந்தப் போஸ்டர்தான். அங்கே ‘ஷா’ யார் என்பது அடுத்த வாரப் போஸ்டரில் மாறிவிடும்.