பெயர்ச்சீட்டு இல்லாத சீசா



உங்கள் இல்லத்து நிலைக்கண்ணாடியின் அருகே சிறு சீசா ஒன்று இருக்கக்கூடும். நகச்சாயம் நகத்தின்மீது படலமாய்ப் படிந்து தண்ணீரைத் தடுத்துவிடும். ஆதலால் உளூச் செய்யுமுன் பெண்மக்கள் அச்சீசாவிலுள்ள நீர்மத்தைப் பஞ்சில் நனைத்து நகத்தைத் துடைக்கின்றனர். சில நொடிகளில் சாயம் கரைந்து வந்துவிடுகிறது. பெரும்பாலும் அந்நீர்மம் அசிட்டோன்.

நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்று, கள்ளக்குறிச்சி வட்டாரத்து மதரஸா ஒன்றில் ஓதிக்கொடுப்பவன். வேதியியல் எனக்கு அந்நிய தேசம். கல்லூரியில் அதனைப் பயிலும் என் மகளே வழிகாட்டினாள். “அத்தா, எங்கள் ஆய்வுக்கூடத்தில் இது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது” என்றாள். எண்ணெய்ப்பசை படிந்த குடுவையைத் தண்ணீர் கழுவாது, அசிட்டோன் கழுவும். அது பசையையும் கரைக்கும், தண்ணீரோடும் கலக்கும். 56 பாகை செல்சியஸிலேயே கொதிப்பதால் விரைவில் ஆவியாகிக் குடுவையை உலர வைத்துவிடும்.

ஆராய்ச்சியில் அதற்கு இன்னும் பெரிய பணி உண்டு. இரு திடப்பொருள்களை அருகருகே வைத்தால் அவை எளிதில் வினைபுரிவதில்லை. இரண்டையும் ஒரு நீர்மத்தில் கரைத்தால்தான் ஒன்றையொன்று தாராளமாகச் சந்திக்கின்றன. அந்நீர்மமே கரைப்பான். நிக்காஹ் பேசி முடித்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஊர்ப் பெரியவரைப் போல, வினை முடிந்ததும் அது விலகிக்கொள்கிறது.

ஆய்வுக்கூட அலமாரியில் அசிட்டோனுக்கு அண்டை வீட்டார் இருவர் உண்டு: எத்தனால், மெத்தனால். ‘ஆல்கஹால்’ என்னும் சொல்லே, சுர்மாவைக் குறிக்கும் ‘அல்குஹ்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. மூன்றும் நிறமற்றவை; தண்ணீரோடு கலப்பவை; எளிதில் தீப்பற்றுபவை. கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. “சீட்டு ஒட்டாத சீசாவைத் தொடவே கூடாது. அதுதான் எங்களுக்கு முதல் பாடம், அத்தா” என்றாள் மகள்.

அச்சொல் 2024 ஜூன் மாதம் என் நெஞ்சில் இடியாய் இறங்கியது. அம்மாதம் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பொட்டலச் சாராயம் அருந்தியவர்கள் வரிசையாய்ச் சாய்ந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகள் நிரம்பின. 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் எனும் கரைப்பான்.

மறுநாள் வகுப்பில், “பார்த்தீர்களா, குடியின் கேட்டை!” என்று நீண்ட உபதேசம் செய்தேன். முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்தான். “ஹஜ்ரத், அதில் விஷம் இருந்தது அவர்களுக்குத் தெரியுமா?” என்றான். என்னிடம் பதில் இல்லை. குடி ஹராம் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆயினும் ஏமாற்றிக் கொல்லப்பட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, ஏமாற்றியவனைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லையே! அன்றிரவு என் நாவை எண்ணி நானே வெட்கினேன்.

மகளிடம் விளக்கம் கேட்டேன். மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்புக் கடியில் சுரீரென்னும் அதே அமிலம் பார்வை நரம்பைக் கருக்கிவிடுகிறது. இக்கேடு பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். அதுவரை குடித்தவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே எண்ணியிருப்பார். ஃபோமெபிசோல் என்னும் மருந்தும், குருதியைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் உயிர் காக்கக்கூடும். ஆனால் காலதாமதம் கூடாது.

வாசகர்களே, கல்வராயன் மலை என்றதும் சாராய ஊறலை மட்டுமே பேசுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. வெல்லமும் வேலம்பட்டையும் இட்டு ஊறல் போட்டுக் காய்ச்சுவது குற்றமே. எனினும் ஆலையில் உற்பத்தியாகும் மெத்தனால் அம்மலையில் ஊறுவதன்று. அங்கே தேனெடுத்தும் மரவள்ளி பயிரிட்டும் பிழைக்கும் மக்கள் ஏராளம். அம்மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. ஒரு மலைக்கே இழிபெயர் சூட்டுவதும் பொய்ச்சீட்டு ஒட்டுவதுதான் அல்லவா?

இனி நம் இல்லத்திற்கு வருவோம். தின்னர், ஸ்பிரிட், நகச்சாயம் அகற்றும் நீர்மம் ஆகியவற்றை ஒருபோதும் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளின் கைக்கெட்டாமலும் அடுப்புக்கு அப்பாலும் வையுங்கள். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். அந்தச் சீசாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அடுத்த வாரம் அச்சிறுவனை அழைத்து, “நீ கேட்டது சரியான கேள்வி” என்று வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பின்னர் மாண்டவர்களின் பிள்ளைகளுக்காக அனைவரும் கையேந்தினோம்.