ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள்

மாசி பிறந்துவிட்டால் சென்னை ஏ.சி. மெக்கானிக்குகளின் செல்போன் ஓயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையில்லாமல் சிலர் ஊருக்குப் போய்விடுவார்கள். சிலர் ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், வயரிங் என்று கிடைத்ததைச் செய்து ஓட்டுவார்கள். பொங்கல் கழிந்து திரும்பி வந்தால், அக்னி நட்சத்திரம் முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. அந்த மூன்று நான்கு மாத வருமானத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு அட்வான்ஸும் அடங்கியிருக்கின்றன.

வேளச்சேரி, திருவான்மியூர்ப் பக்கம் வேலை பார்க்கும் இருவருடன் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் சுற்றினேன். மூத்தவர் அரசு ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவு படித்தவர், திண்டிவனம் பக்கத்துக்காரர். ஹெல்பர் தம்பி அவருடைய ஊரிலிருந்தே வந்து சேர்ந்தவர். ஒரே பைக். முன்னால் பிரஷர் பம்ப், தம்பியின் தோளில் ஹோஸ் சுருள், மடியில் ஸ்பேனர் பை, கேஸ் போட வேண்டிய நாளில் சின்ன சிலிண்டரும் உண்டு.

முதல் வீட்டில் மின்விசிறி வேகத்தைக் கூட்டினாலும் காற்று வரவில்லை என்பது புகார். எம்.சி.பி.யை அணைத்துவிட்டு முன்மூடியைக் கழற்றினார் மூத்தவர். ஃபில்டர் வலை சாம்பல் நிறக் கம்பளியாக இருந்தது. வீட்டுக்காரர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. அதற்கு மெக்கானிக் தேவையே இல்லை. ஆனால் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் காயிலும் உருளை வடிவ ப்ளோயரும் நம் கைக்கு எட்டாதவை. போர்டு இருக்கும் பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன் வாலை வாளிக்குள் விட்டார்கள். பம்பை ஓட்டியதும் இறங்கியது கறுப்புத் தண்ணீர். வாளி நிறைந்து, இரண்டாவது வாளியும் பாதி ஆனபிறகுதான் நிறம் தெளிந்தது.

இதில் பார்க்க வேண்டியது தம்பியின் மணிக்கட்டு. காயிலில் உள்ள அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே மடங்கும் அளவுக்கு மெலிசு. நீரைக் குறுக்கே அடித்தால் தகடுகள் சாய்ந்து காற்று போகும் வழியே அடைபட்டுவிடும். அதனால் நாசிலைத் தகட்டின் வாக்கிலேயே, மேலிருந்து கீழாக, ஒரு பட்டையை முடித்து அடுத்த பட்டைக்கு என்று நகர்த்திக்கொண்டே போகிறார். ப்ளோயரை ஒரு விரலால் நிறுத்தி, கொஞ்சம் உருட்டி, மறுபடி நிறுத்தி, ஒவ்வொரு இறக்கையாகக் கழுவுகிறார். கடைசியில் டிரெயின் பைப்புக்குள் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே வழவழவென்று பாசி படிந்து அடைத்துக்கொண்டால் கோடையில் சுவரெல்லாம் தண்ணீர் வழியும். பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிற சர்வீஸில் இந்தக் குழாயை யாரும் தொடுவதில்லை.

எல்லாம் மாட்டி ஓடவிட்டபின் காற்று உள்ளே போகிற இடத்திலும் வெளியே வருகிற இடத்திலும் வெப்பமானியை வைத்துக் காட்டினார். இரண்டுக்கும் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் வித்தியாசம் இருந்தால் அவருக்குத் திருப்தி. கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் பார்த்துக் குறித்துக்கொண்டார். கழுவினதும் போய்விடாமல் இப்படி அளந்து பார்ப்பவரை உங்கள் வீட்டுக்கு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூரில் கடலை ஒட்டிய தெருவில் ஒரு வயதான தம்பதியின் வீடு. அந்த அம்மா மோர் கொடுத்துவிட்டுத் தன் குறையைச் சொன்னார். வருஷா வருஷம் கோடையில் ஏ.சி. குளிராமல் போகிறது, யாரோ வந்து, “கேஸ் கம்மியாயிடுச்சு” என்று நிரப்பிவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்கிப் போகிறார்கள், அடுத்த கோடையில் அதே கதை.

“கேஸ் குறையவே கூடாதும்மா. அது பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்றது இல்ல. குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ வெளியே போகுது” என்றார் மூத்தவர்.

செப்புக் குழாய்க்குள் அடைபட்ட அந்த வாயுதான் அறையின் சூட்டை உறிஞ்சி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள்ளே ஆவியாகி, வெளியே திரவமாகி, திரும்பத் திரும்ப அதே சுற்று. மூடிய சுற்றில் அது குறைய வழியில்லை. நைட்ரஜனை அழுத்தி ஏற்றிவிட்டு, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தார். வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் குழாய் சேரும் ஃபிளேர் நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, “இதுக்கா தம்பி இத்தனை வருஷம் காசு கொடுத்தேன்?” என்றார்.

குழாயின் வாயை வெட்டி, பிசிறு எடுத்து, புதிதாக விரித்து, டார்க் ரெஞ்சால் நட்டை அளவாக இறுக்கினார்கள். பிறகு வேக்கும் பம்பைப் போட்டு அரைமணி நேரம் காத்திருந்தார்கள். குழாயில் காற்றோ ஈரமோ தங்கினால் ஆயிலோடு கலந்து கம்ப்ரஸரைக் கெடுத்துவிடும். கடைசியாக, சிலிண்டரைத் தராசில் வைத்து, அவுட்டோரின் லேபிளில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை கிராம் மட்டும் விட்டார்கள். “கைக்கு ஜில்லுன்னு இருக்கு, போதும்” என்று குத்துமதிப்பாகப் போடுவதற்கும் இதற்கும் மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியும் என்றார் மூத்தவர்.

இவர்கள் புழங்கும் வாயுவைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு ஏதும் தெரிவதில்லை. பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்படுகிறது. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் காற்றில் கலந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். இன்று புது ஏ.சி.களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. அதன் பாதிப்பு மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அது மெல்லத் தீப்பிடிக்கும் வகை. வாயு மிச்சமிருக்கும் குழாயில் பற்றவைக்கும் டார்ச்சை வைத்தால் நச்சுப் புகையும் வரும். கேஜில் ஆர்-22 அறுபது எழுபது பி.எஸ்.ஐ. காட்டும் இடத்தில் ஆர்-32 அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டும். பழைய பழக்கத்தில் பழைய ஹோஸை மாட்டுகிறவர் தன் முகத்தைப் பணயம் வைக்கிறார். இந்த மாற்றங்களையெல்லாம் மூத்தவர் கம்பெனிப் பயிற்சிகளிலும் செல்போன் வீடியோக்களிலும் கற்றுக்கொண்டிருக்கிறார். பயிற்சிக்குப் போகும் நாளில் கூலி இல்லை.

வழியில் டீ குடிக்கும்போது டன் கணக்கைப் பற்றிக் கேட்டேன். ஒரு டன் ஏ.சி. என்றால், ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அவ்வளவு சூட்டை அதே 24 மணி நேரத்தில் அது வெளியேற்றும். ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. அன்றும் இந்த ஊரில் குளிர்ச்சி யாரோ ஒருவர் தோளில் ஏறித்தான் வந்திருக்கும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கு ஒரு டன் போதாது என்று எத்தனை முறை சொன்னாலும் விலையைப் பார்த்துச் சின்னதை வாங்கிவிடுகிறார்கள், பிறகு 18 டிகிரியில் வைத்துக்கொண்டு குளிரவில்லை என்கிறார்கள் என்பது மூத்தவரின் வருத்தம். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அரசின் கணக்கு. 24-ல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் போதும் என்று அவர் போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறார்.

அன்று மாலை போன வேளச்சேரி அடுக்ககத்தை நான் மறக்கப்போவதில்லை. மூன்றாவது மாடி. அவுட்டோர், படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, டக்ட் சுவரில் இரும்பு ஸ்டாண்டில் தொங்கியது. கீழே கழிவுநீர்க் குழாய்களும் சிமென்ட் தரையும். கிட்டப் போக ஒரே வழி, ஜன்னல் கம்பியில் திறக்கும் சின்னக் கதவு வழியாக உடம்பை நுழைத்து, ஒரு முழ அகல சன்ஷேடில் இறங்குவது. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஒரு கை கம்பியில், மறு கையில் ஸ்பேனர். மூத்தவர் தான் கொண்டுவந்திருந்த கயிற்றைத் தம்பியின் இடுப்பில் சுற்றி, மறுமுனையை உள்ளே கட்டிலின் காலில் கட்டினார். அதுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

“அண்ணே, ஸ்டாண்டு போல்ட்டு துரு” என்றார் தம்பி வெளியிலிருந்து. கூட்டைத் திறந்ததும் போர்டில் ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. “தொடாதே, இரு” என்று அதட்டினார் மூத்தவர். மின்சாரத்தை அணைத்தபிறகும் இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். தரையில் நிற்பவருக்கே அது ஆபத்தான உதறல். சன்ஷேடில் நிற்பவருக்கு, உதறிய கை கம்பியை விட்டுவிடும். மீட்டரை வைத்துப் பார்த்து, வோல்ட்டேஜ் இறங்கிவிட்டது என்று தெரிந்தபின்தான் தம்பி கையை வைத்தார். வீட்டுக்காரர் அந்த நேரம் முழுவதும் ஹாலில் போனில் இருந்தார். கெட்டவர் இல்லை; ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒரு தொங்கலில் அவுட்டோரை மாட்டியது தம்பி இல்லை. வரைபடம் போட்டவர் பால்கனியின் பார்வை கெடக்கூடாது என்று அங்கே குறித்திருக்கிறார், கட்டியவர் ஒத்துக்கொண்டார், வாங்கியவர் கவனிக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குபவர் மட்டும் அந்த முடிவில் இல்லை. பாதுகாப்பு பெல்ட் வாங்கலாமே என்று கேட்டதற்கு, “வாங்கிடலாம் சார். கொக்கிய எங்க மாட்டறது?” என்றார் மூத்தவர். சுவரில் ஒரு இரும்பு வளையம்கூட இல்லை.

வீடு கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: அவுட்டோருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இரண்டு காலையும் ஊன்றி நிற்க இடம். ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால், பால்கனிக்கோ மொட்டைமாடிக்கோ மாற்ற முடியுமா என்று இந்த முறை வரும் மெக்கானிக்கிடமே கேளுங்கள். குழாய் கொஞ்சம் நீளும், செலவு கொஞ்சம் கூடும். மாற்றவே முடியாது என்றால் பெல்ட் கொக்கி மாட்ட கான்கிரீட்டில் ஒரு வளையம் பதியுங்கள். சர்வீஸை மாசியிலேயே கூப்பிட்டு முடித்துவிடுங்கள்; சித்திரை வெயிலில் ஐந்து வீட்டுக்கு அவசரமாக ஓடுகிறவருக்குக் கயிறு கட்டவும் நேரம் இருக்காது. அவர் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்வரை நீங்களும் அந்த அறையில் இருங்கள்.