மணிக்கு 2 டாலர் சம்பளம்



அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், மகள் வீட்டில் இருக்கிறேன். பல்கலைக்கழக அணிக்கு ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி ஆடுவது. மருமகன் அந்த அணியின் பழைய கதை ஒன்றைச் சொன்னார். அதை உங்களிடம் சொல்லத் தோன்றியது.

போய்ட் எப்லி இங்கே படித்த மாணவர். கோலூன்றித் தாண்டும் வீரர். முதுகில் அடிபட்டதால் எடை தூக்கும் அறையிலேயே பயிற்சி செய்துகொண்டிருந்தார். காயம்பட்ட ஃபுட்பால் வீரர்கள் சிலர் அவரைப் பார்த்து அதேபோல் செய்து, முன்பைவிட பலத்தோடு களத்துக்குத் திரும்பினார்கள். உதவிப் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் இதைக் கவனித்துவிட்டார்.

எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று பயிற்சியாளர்கள் நம்பிய காலம் அது. தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவானிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: யாராவது வேகம் குறைந்தால் எப்லிக்கு வேலை போய்விடும். 1969 ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மணிக்கு 2 டாலர்.

எப்லி 40 கஜ ஓட்டத்தின் நேரத்தையும், நின்ற இடத்தில் எம்பிக் குதிக்கும் உயரத்தையும் அளந்து குறித்து வைத்தார். 1970, 1971 இரண்டு ஆண்டுகளும் நெப்ராஸ்கா தேசிய சாம்பியன். 1978-இல் இத்தகைய பயிற்சியாளர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கத்தையே அவர் தொடங்கினார். இன்று பெரிய அணி எதுவும் இப்படி ஒருவர் இல்லாமல் இல்லை.

கதையைக் கேட்ட அன்று இரவு எனக்கு நம் பள்ளியின் பி.டி. சார் ஞாபகம் வந்தது. பரீட்சை நெருங்கினால், "சார், பின்னம் இன்னும் முடிக்கல, உங்க பீரியடை எனக்குக் கொடுங்க" என்று போய் நிற்பேன். ஒருநாளும் மறுத்ததில்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். நீங்கள் ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கும் திட்டியிருக்கிறேன்.

விளையாடினால் படிப்பு கெடும் என்று நம்பினேன். டெவானிக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் செய்து பார்க்கட்டும் என்று விட்டார். நான் விடவில்லை.

சார் இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் கேட்க முடியாத மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன். உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், கண்ணுகளா. நான் வாங்கியதில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்